காயாத சட்டை

அக்காவுக்குத் தன் தையலில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்காதா பின்னே? கிடங்கில் காவல் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, வெயிலில் நாயின் உடம்பைக் குளிர்விக்கக் கடையில் விற்கும் சட்டையின் படத்தைச் செல்போனில் காட்டினான்.

"கருவாயனுக்கு இப்படி ஒண்ணு தச்சுத் தரியாக்கா? தகரக் கூரைக்கு அடியில நாக்கத் தொங்கப் போட்டுட்டுக் கிடக்குறான்."

அன்றே தைத்துவிட்டாள். உள்ளே தண்ணீர் உறிஞ்சும் துணி இரண்டு மடிப்பு, வெளியே கெட்டித் துணி, வயிற்றுப் பக்கம் இரண்டு பக்கிள். நனைத்து மாட்டிவிட வேண்டியதுதான்.

"என் சட்டைக்குப் பட்டன் வைக்க மூணு மாசம். நாய்க்கு ஒரே நாள்ல கோட்டா?" என்றார் அவள் கணவர்.

"நீங்களும் நாள் பூரா காவல் காத்துப் பாருங்க, உங்களுக்கும் தச்சுத் தரேன்."

மறுநாள் சாயங்காலம் தம்பி போன் செய்தான். "காலைல நனைச்சதுக்கா, இன்னும் ஈரம் காயவே இல்ல! கடைச் சட்டையெல்லாம் உன்கிட்ட பிச்சை வாங்கணும்."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர் வீட்டுக்காரியிடம் பெருமையடித்தாள். அதே மூச்சில், மூன்று நாளாகக் கொடியில் கிடந்தும் காயாத போர்வையைத் திட்டினாள். மழையும் பெய்யாமல் காற்றும் வீசாமல் ஊரே புழுங்கிக்கொண்டிருந்தது. போர்வையையும் சட்டையையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று அந்தப் பாழாய்ப்போன புத்திக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் கருவாயன் சுருண்டு விழுந்தான். அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாட்டு டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"சட்டையில இருக்குற தண்ணி காஞ்சாதாம்மா உடம்புச் சூடு இறங்கும். இந்தப் புழுக்கத்துல எங்க காயும்? ஈரக் கம்பளியப் போத்தின மாதிரி சூட்ட உள்ளயே பிடிச்சு வெச்சிருச்சு. கழட்டிப் போட்டு ஃபேன் வெச்சிருந்தா பொழச்சிருக்கும். உங்க தம்பி இருக்குற நிலையில நான் இன்னும் சொல்லல."

உள்ளே, டாக்டர் கழற்றிப் போட்டிருந்த சட்டையைத் தம்பி மறுபடியும் நாய்க்கு மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு பக்கிளை மாட்டிவிட்டு அடுத்ததைத் தேடினான்.

"இதோடயே புதைச்சிடலாம்க்கா. விழுந்தப்பகூட இது மேலதான் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தினேன். கொஞ்சம் முன்னாடியே தச்சிருந்தா பொழச்சிருப்பான். கிடங்குல இன்னும் நாலு நாய் இருக்கு. நாளைக்கே அளவு எடுத்துட்டு வரேன்."

வாயை மூடிக்கொண்டால் போதும், தம்பிக்குக் கடைசிவரை தெரியாது. அக்காவுக்கு அந்த ஆசை வந்தது. ஆனால் அந்த நாலும் கண் முன்னால் வந்து நின்றன.

"தைக்க மாட்டேன்டா."

"ஏன்க்கா?"

டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். "அந்தச் சட்டைதான்டா அவனக் கொன்னுச்சு. நான்தான் கொன்னேன்" என்றாள்.

தம்பி கத்துவான் என்று நினைத்தாள். கத்தவில்லை. மாட்டிய பக்கிளை மெதுவாகக் கழற்றினான். சட்டையை விலக்கி, அவள் கையைப் பிடித்து இழுத்து நாயின் முதுகில் வைத்தான்.

"தொட்டுப் பாருக்கா," என்றான். "இன்னும் சுடுது."