பொட்டு வைத்த பெட்டி

ஆயுத பூஜை முடிந்து மறுநாள் காலை கம்பெனியைத் திறந்தால், அமிலத்தொட்டியின் கண்காணிப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் மூடியில் மாரியம்மாள் பயபக்தியோடு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து இன்னும் ஒட்டியிருந்தன.

"பாத்தியாம்மா துர்கா? பொட்டு வச்சே மிஷினைக் கெடுத்துடுச்சு இந்தம்மா," என்றார் மேனேஜர் குருமூர்த்தி. "ஆஃப் பண்ணு. லோடு இன்னிக்குப் போயாகணும்."

இஞ்சினியர் துர்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மின்கம்பங்களில் வைக்கும் விருத்தாசலத்துப் பீங்கான் இன்சுலேட்டர்களுக்கு மாட்டும் இரும்புத் தொப்பிகளை அமிலத்தில் கழுவும் கம்பெனி அது. உயரத்தில் நிற்கும் இரும்புத் தொட்டிக்குள் ரப்பர் பூச்சு. ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதைப் பதித்தவள் அவள்தான். இழைக்குள் போன ஒளி மாறித் திரும்பினால், அமிலம் ரப்பரைத் தாண்டிவிட்டது, இரும்பைத் தின்கிறது என்று பொருள். மூடியில் பொட்டு வைத்தால் உள்ளே ஓடும் ஒளிக்கு என்ன வந்தது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

தொட்டிக்கு நேர் கீழே மற்றப் பெண்களோடு உட்கார்ந்து தொப்பி தேய்க்கிறவள் மாரியம்மாள். அவள் ஓடிவந்து முந்தானையால் பொட்டை அழுத்தித் துடைத்தாள்.

"சாமிக்குன்னு வச்சேங்க. தப்பா நெனைக்காதீங்க சார்," என்று கும்பிட்டாள்.

விளக்கு சிவப்பாகவே எரிந்தது. துர்கா பையிலிருந்த புது இழையைப் பெட்டியில் மாட்டினாள், பச்சை வந்தது. தொட்டியின் இழையைத் திரும்ப மாட்டினாள், சிவப்பு வந்தது.

"பெட்டி நல்லாத்தான் இருக்குது சார். தொட்டிதான் அரிச்சிருக்குது. காலி பண்ணச் சொல்லுங்க."

"சாயங்காலம் பாத்துக்கலாம். அவங்க வேலைய ஆரம்பிக்கட்டும்."

தப்பே செய்யாதவளைக் கும்பிட வைத்துவிட்டு, அவள் தலைக்கு மேலேயே அமிலத்தையும் நிறுத்தி வைக்கிறார், இவரெல்லாம் ஒரு மனுஷர்! துர்காவின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

"அப்போ நாற்காலிய எடுத்தாந்து தொட்டிக்குக் கீழ நீங்க உக்காருங்க சார். அப்புறம் அவங்களக் கூப்பிடுங்க."

குருமூர்த்தி தொட்டியை அண்ணாந்து பார்த்தார். அடிக்காத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

மாரியம்மாள் அவர் போவதையே பார்த்தாள். "எழுந்திரிங்கடி," என்றாள் மற்றப் பெண்களிடம். "சாரு உக்கார மாட்டாத எடத்துல நமக்கென்ன வேலை?"

கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். அவர்களுக்கு முன்பே கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்ற குருமூர்த்தி, அங்கிருந்தே உள்ளே பார்த்துக் கத்தினார்:

"தொட்டியக் காலி பண்ணுங்க!"