மூடிக்குள் போன குரல்

“நீங்க மைக்கத் தொட்டீங்கன்னா நான் மேடைய விட்டு எறங்கிடுவேன்பா, சொல்லிட்டேன்!”

“அப்புறம் யாரும்மா பேசுறது? பொண்ணப் பெத்தது நானா, உங்க மாமாவா?”

“மாமாவே பேசட்டும். அவரு வாயத் தொறந்தா சத்தமாச்சும் வரும் லா!”

கல்யாண விருந்துக்கு மூன்று வாரம் இருக்கையில், மலேசியாவின் காஹாங் ஊரில் சபாபதிக்கும் மகள் லோஷினிக்கும் நடந்த இந்தச் சண்டை ஆறு வீடு தள்ளிக் கேட்டது. லோஷினி சொன்னதில் பொய்யில்லை. நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசினால் சபாபதியின் குரல் அவரை விட்டுப் போய்விடும். வாய் மட்டும் அசையும். குரல் நேரே வீட்டுக்குப் போய், மூடி போட்ட ஏதாவது ஒன்றுக்குள் உட்கார்ந்து பேசி முடிக்கும். பள்ளிப் பேச்சுப் போட்டியன்று முதன்முதலாகப் போனது அரிசித் தகரத்துக்குள். செம்பனை எண்ணெய் ஆலையில் பணி ஓய்வு விழா வைத்தபோது, நன்றியுரை முழுக்க மீன் குழம்புச் சட்டியிலிருந்து வந்தது. எதிர்வீட்டுக் கருப்பாயி கேட்டுவிட்டு, “பேச்சு நல்லாத்தான் இருக்கு, உப்புதான் கம்மி” என்றாள். பயத்தைப் போக்க ஜொகூர் பாருவில் மேடைப் பேச்சு வகுப்புக்கு எட்டு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனார். எட்டு சனிக்கிழமையும் வீட்டுச் சட்டிபானைகள் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசின.

அவர் மனைவி புஷ்பவள்ளி பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தாள். ஜொகூர் பாருவில் நடந்த மகள் விருந்துக்கு அவளால் போக முடியவில்லை. அங்கே மைத்துனர் மனோகரன் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசத் தயாராக இருந்தார். ஆனாலும் சபாபதி எழுந்து மைக்கைப் பிடித்துவிட்டார். ஏழு நிமிடம் வாய் அசைந்தது. ஐந்நூறு பேர் முதலில் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். லோஷினி சொன்னபடியே மேடையை விட்டு இறங்கினாள். அதோடு அப்பாவிடம் பேச்சையும் விட்டாள். அதே நேரம் காஹாங்கில், துணைக்கு இருந்த கருப்பாயி ரைஸ் குக்கரைத் தூக்கிக் கட்டிலருகே பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே சபாபதி மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். புஷ்பவள்ளி ஒரு பக்க வாயால் சிரித்தாள். யாரிடமும் சொல்லாதே என்று கருப்பாயிக்குக் கை காட்டினாள்.

கருப்பாயியும் ஐந்து மாதம் சொல்லவில்லை. இந்தக் கதையில் நம்ப முடியாதது அது ஒன்றுதான்.

புஷ்பவள்ளி இறந்து, சவப்பெட்டியில் வைத்திருந்த அன்றுதான் அதை லோஷினியின் காதில் போட்டாள். பெட்டியை எடுக்கும் முன் குடும்பத்தில் ஒருவர் வந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். லோஷினி மனோகரனிடமிருந்து மைக்கை வாங்கி அப்பாவின் கையில் வைத்தாள்.

“பேசுங்கப்பா. நான் எங்கயும் போமாட்டேன்.”

எப்போதும் பேசி முடித்த பிறகுதான் பெட்டியை மூடுவார்கள். அன்று மழை தூறியது. குளுவாங் மின்சுடலையில் மூன்று மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். அவசரத்தில் முதலிலேயே மூடி ஆணியும் முடுக்கிவிட்டிருந்தார்கள். சபாபதி வாயைத் திறந்தார். குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. என்ன சொன்னதென்று ஒருவருக்கும் விளங்கவில்லை, பலகை கனம். “தொறங்க, தொறங்க” என்று லோஷினி அலறினாள். சபாபதி மூடியின் மேல் கையை வைத்து, வேண்டாமென்று தலையாட்டினார். தூக்கிக்கொண்டு போகும்போதும் உள்ளே பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

குரல் திரும்பி வரவில்லை. கடையில் சபாபதி விரலை நீட்டினால் சீனி குறைத்த தேத்தண்ணி வந்துவிடுகிறது. லோஷினி புருஷனோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் போனில் அவள் பேசுகிறாள், இவர் தலையாட்டுகிறார். மனோகரன் வீட்டை விற்றுவிட்டு மகனோடு ஜொகூர் பாருவுக்குப் போனார். கருப்பாயியின் மகள் ரூபினி தங்காக் ஊர்த் துணிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு போகும்போது, சபாபதி கொடுத்த அந்த ரைஸ் குக்கரையும் கொண்டுபோனாள். அதில் இப்போது சோறு மட்டும்தான் வேகிறதாம்.