சீனியர் வாளிக்குப் போன வாரம்

தொழிற்சாலையில் என் வேலை சீனியாரிட்டி லிஸ்டைப் பராமரிப்பது. பதினேழு வருஷமாக அதையேதான் செய்துகொண்டிருந்தேன். என் கல்யாண நாள் மறந்துபோகும். ஸ்டோர்ஸ் குணசேகரன் வேலையில் சேர்ந்த தேதி மறக்காது. வீட்டில் மீன் தொட்டி வைத்தபோதும் இந்த வியாதி கூடவே வந்தது. முதலில் வாங்கிய வரிக்குதிரை சிக்லிட் மீனுக்கு ‘சீனியர்’ என்று பெயர் வைத்தேன். விரல் நீளம்தான். இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த சந்து அதன் குவார்ட்டர்ஸ். அந்தப் பக்கம் எது நீந்தினாலும் துரத்தும்.

எண்பத்து நாலு மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃபிட்டர் சூசைராஜ் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஓர் ஏஞ்சல் மீனோடு என் மல்காஜ்கிரி வீட்டுக்கு வந்தார்.

“ராஞ்சிக்கு மாத்திட்டாங்க சார், இன்னும் மூணு வாரத்துல கிளம்பணும். ரெண்டு நாள் ரயில், இந்த வெயில்ல இது தாங்காது. என் கையிலேர்ந்துதான் சாப்பிடும். நீங்க பாத்துக்குங்க, லீவுல வந்து எடுத்துக்கறேன்.”

அந்த மாற்றல் ஆர்டருக்குக் குறிப்பு எழுதியவனே நான்தான். ஷாப்பில், அதாவது எங்கள் பட்டறையில், ஓடுகிற ஒரே ஃபேனுக்குக் கீழே சார்ஜ்மேன் துரைராஜின் பெஞ்ச். சூசைராஜ் தன் பெஞ்சை அந்தப் பக்கம் இரண்டடி நகர்த்தினார். துரைராஜ் டூல் பாக்ஸைத் தூக்கி அவர் கால்மேல் போட்டார். விசாரணை நடந்தது. முடிவில் ‘சீனியரை அசைக்க முடியாது, ஜூனியரை மாற்றலாம்’ என்று நான் எழுதினேன். சூசைராஜுக்கும் அது தெரியும்.

“உங்க தொட்டிதான் சார் பெரிசு” என்று மட்டும் சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்துப் படி இறங்கினார்.

உள்ளே விட்ட பத்தாவது நிமிஷம், ஏஞ்சலின் வாலில் கால்பங்கு சீனியர் வாயில் இருந்தது.

நான்தான் அனுபவஸ்தனாயிற்றே! ஜூனியரை எடுத்து வாளியில் போட்டேன். மூன்று நாள் கழித்துத் திரும்ப விட்டேன். மறுபடி கடி, மறுபடி வாளி. ஏஞ்சல் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை.

“ஏன்னா, கடிச்சது யாரு?” என்றாள் என் மனைவி ரமா.

“சீனியர்.”

“வாளியில கெடக்கறது?”

“ஜூனியர்.”

“ஆபீஸை ஆபீஸ்லயே விட்டுட்டு வரப்படாதா?”

மோண்டா மார்க்கெட்டுக்கு ஓடினேன். அலங்கார மீன் கடைக்காரர் உருதுவில் திட்டினார். நாகரிகமாகத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: அடி வாங்கினதை எவனாவது வெளியே எடுப்பானா? அடிச்சதை எடு. ஒரு வாரம் வாளியில வை. அதுக்குள்ள கல், செடி எல்லாத்தையும் இடம் மாத்து. திரும்பி வந்தா அதுக்கும் புது ஊரா இருக்கணும்.

ஏஞ்சலைத் தொட்டியில் விட்டு, சீனியரை வாளிக்கு அனுப்பியபோது மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பழக்க தோஷம்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பிய சீனியர் தன் சந்தைத் தேடியது. இல்லை. ஃபைல் தொலைத்த கிளார்க் மாதிரி தொட்டி முழுக்க அலைந்தது. ஏஞ்சலை ஒரு தடவை துரத்தியது. அது செடிக்குப் பின்னால் போனதும், எதற்குத் துரத்தினோம் என்பதே அதற்கு மறந்துவிட்டது. கடைசியில் பம்புக்குப் பின்னால் போய் முறைத்துக்கொண்டு நின்றது. ஏஞ்சல் முதல் தடவையாக என் விரலிலிருந்து சாப்பிட்டது. அன்று ராத்திரி சூசைராஜைப் பற்றி எழுதிய குறிப்பை ஒரு வரி விடாமல் நினைத்துப் பார்த்தேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை சூசைராஜுக்கு ரயில். திங்கட்கிழமையே மேனேஜர் பத்மநாபன் மேஜையில் புதுக் குறிப்பு வைத்தேன்: மாற்றலை ரத்து செய்யலாம். துரைராஜை இரண்டு வாரம் ஸ்டோர்ஸுக்கு அனுப்பலாம். அதற்குள் ஷாப்பில் எல்லாப் பெஞ்சையும் இடம் மாற்றி, ஃபேனை நடுவில் மாட்டலாம்.

“இது எந்த ரூல்ல வருது?”

“சீனியாரிட்டி லிஸ்ட்ல ஃபேனைப் பத்தி ஒண்ணும் இல்லை சார்.”

“போன மாசம் வேற மாதிரி எழுதினீரே?”

“அது தப்பு சார்.”

பதினேழு வருஷத்தில் அந்த ஆபீசில் நான் சொல்லாத வார்த்தை. காது இரண்டும் சுட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“மறுபடி சண்டை வந்தா ராஞ்சிக்கு நீர் போவீர், ஓய்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூசைராஜ் ரயிலுக்குப் போகவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு என் வீட்டுக்கு வந்தார். தண்ணீரில் விரலை வைத்ததும் ஏஞ்சல் நேரே அவரிடம் போனது. வாலில் கடிபட்ட இடத்தில் கண்ணாடி மாதிரி புதுசாக வளர ஆரம்பித்திருந்தது.

“துரைராஜண்ணன் கேன்டீன்ல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு சார்.”

“திருப்பிக்கட்டும். இங்கேயும் ஒருத்தர் பம்புக்குப் பின்னாடி அப்படித்தான் நிக்கறார்.”

அவர் சிரித்துக்கொண்டே மீனைப் பாட்டிலுக்கு மாற்றினார். வாசல்வரை கூடப் போனேன்.

“கால் எப்படி இருக்கு, சூசைராஜ்?” என்றேன். விசாரணை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“வீக்கம் வத்திடுச்சு சார்” என்றார். பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.