கால் எட்டுகிற பைக்

பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து போகும் ஆண்மகனை வரலாறு ஒருநாளும் மன்னிக்காது. இதைச் சொன்னவன் எங்கள் அண்ணன். வரலாறு அவனிடம் கருத்து எதுவும் கேட்டிருக்கவில்லை. அக்காதான் கேட்டிருந்தாள், அதுவும் வேறு கேள்வி: "நீளமான பயணம்டா. நடுவுல கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா?"

"பின்னாடி உட்கார்றவன் மனுஷன் இல்லக்கா, மூட்டை. மூட்டையையாவது கயிறு போட்டுக் கட்டுவாங்க. அவனுக்கு அந்த மரியாதைகூட இல்ல."

அக்கா டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் கிளட்சை மெதுவாக விடப் பழகினார்கள். இந்தத் தகவலை அண்ணன் வரலாற்றில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பயணத்துக்குக் காரணம் அப்பா. வெளியூரில் ஒரு மின் நிலையத்தில் வேலை பார்த்து, வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அன்று சாயங்காலம் அங்கேயே பாராட்டு விழா. "யாரும் வர வேணாம், எதுக்கு வீண் அலைச்சல்" என்று ஃபோனில் சொன்னார். வராவிட்டால் என் முகத்தில் விழிக்காதீர்கள் என்று அதற்கு அர்த்தம். அம்மா முன்னாடியே பஸ்ஸில் கிளம்பிப் போய்விட்டாள்.

அப்பா வாழ்நாளில் மைக் பிடித்தவர் இல்லை. பேச வேண்டியதை எழுதி, அக்காவுக்கு ஃபோனில் வாசித்தும் காட்டிவிட்டார். முதல் வரியே "இதோ, என் பிள்ளைகள்" என்பதுதான். அவர் கை நீட்டுவார், நாங்கள் மூவரும் எழுந்து நிற்க வேண்டும். போய்ச் சேரவில்லையென்றால், மனுஷர் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சபைக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருப்பார்.

டூரிங் பைக் வாங்க ஒரு சாக்குக்காகக் காத்திருந்த அண்ணனுக்கு இது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. புது பைக்கில் அவனும் அக்காவும், பெட்டிகளோடு பழைய ஸ்கூட்டரில் நான் என்று முடிவானது.

அண்ணனின் உயரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவன் சட்டை மாட்டும்போது வீட்டில் மின்விசிறியை நிறுத்துவோம். குடும்பப் புகைப்படங்களில் அவன் தாடையோடு முடிந்துவிடுவான். மற்ற எல்லோரும் கைக்கு அடக்கமான அளவு.

ஷோரூமில் இருந்த விற்பனையாளர் எங்கள் ஜாதி உயரம்தான். அவருக்குத் தெரிந்த பரிசோதனை ஒன்றே ஒன்று.

"உட்காருங்க சார். கால் எட்டுதா?"

அண்ணன் உட்கார்ந்தான். இரண்டு பாதங்களையும் தரையில் பதித்தான். "எட்டுது."

"சூப்பர் சார். இது பாருங்க. எட்டுதா?"

"எட்டுது."

ஷோரூமில் இருந்த அத்தனை பைக்கிலும் எட்டியது. எங்கள் அண்ணன் தன் வாழ்க்கையில் இத்தனை தேர்வுகளில் தொடர்ச்சியாகத் தேறியதே இல்லை.

ஓரத்தில், தூசி படிந்து, ஒரு நெட்டையான பைக் நின்றது. குதிரை மாதிரி உயரமான சீட். அண்ணன் அதில் ஏறினான். முதுகு தானாக நிமிர்ந்தது. கை விழுந்த இடத்தில் ஹேண்டில்பார் இருந்தது. முட்டிகள் தளர்ந்து தொங்கின. அவன் முகத்தில் தூங்குகிற குழந்தையின் களை வந்தது.

"இதான்டா," என்றாள் அக்கா. "முதல் தடவையா நீ உடம்ப மடக்காம உட்கார்ந்து பாக்கறேன்."

அண்ணன் சுவரில் இருந்த பெரிய கண்ணாடியைப் பார்த்தான். முகம் மாறியது.

"இதுல நான் சாதாரணமா தெரியறேன்."

"நீ சாதாரணம்தான்டா."

"வேணாம்."

"இதுல நெறைய பேருக்குக் கால் எட்டாது சார்," என்று விற்பனையாளரும் துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார். அத்தோடு அந்தப் பைக்கின் கதை முடிந்தது.

அடுத்து அவன் ஏறியது தரையோடு தரையாகக் கிடந்த ஒரு கறுப்பு பைக். கண்ணாடியில் இப்போது ஒரு மாவீரன் தெரிந்தான். எங்களுக்குத் தெரிந்தது முக்காலியில் உட்கார்ந்த ஒட்டகச்சிவிங்கி. முட்டி இரண்டும் டேங்க்குக்கு இரு பக்கமும் காதுகள் போல எழும்பி நின்றன.

"கால் எட்டுதா சார்?"

"எட்டி மிச்சமும் இருக்கு."

"அந்த மிச்சத்தை எங்கடா வைப்பே?" என்றாள் அக்கா. "காலைல உட்கார்ந்தா சாயங்காலம்தான் எந்திரிக்கணும்."

"சொகுசு பாக்கறவன் சோபா வாங்கணும்க்கா."

ஓட்டிப் பார்த்தபோது ஹேண்டிலை முழுசாகத் திருப்ப முடியவில்லை. அது நேராக வந்து முட்டியில் இடித்தது. அண்ணன் ஒரு காலைக் கதவு திறப்பதுபோல வெளியே விரித்து, திரும்பி, மறுபடி மூடிக்கொண்டான். "ரேஸ்ல இப்படித்தான் சார் திருப்புவாங்க," என்றார் விற்பனையாளர். வாங்கிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். கொஞ்ச தூரம் வரை அண்ணன் மாவீரனாகவே போனான். பிறகு ஒரு காலைக் காற்றில் நீட்டினான். அப்புறம் மற்ற காலை. எதிரே வந்த லாரிக்காரர் அதை ஏதோ சைகை என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டினார். ஒரு பாலம் தாண்டிப் பிரிய வேண்டிய சாலையை விட்டுவிட்டான். நான் பின்னாலிருந்து ஹாரன் அடித்தேன்.

"டேய், திருப்புடா!" என்று அக்கா கத்துவது எனக்கே கேட்டது.

"இங்க வேணாம்க்கா, மேல போய்த் திருப்பிக்கலாம்."

அந்த முட்டியோடு அந்தச் சாலையில் திருப்ப முடியாது என்பது மூவருக்கும் தெரியும். பெரிய ரவுண்டானா ஒன்று வரும்வரை, போகவே வேண்டாத திசையில், வெகுதூரம் போனோம். மத்தியானத்தின் பெரும்பகுதி அதிலேயே கரைந்தது.

திரும்பி வந்து ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். அக்கா இறங்கினாள். அண்ணன் இறங்கவில்லை.

"இறங்குங்க சார், டேங்க் திறக்கணும்," என்றார் பங்க் ஊழியர்.

"இருங்க. இங்க காத்து நல்லா வருது."

அக்கா குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள். "மரத்துப் போச்சா?"

"இல்லக்கா. யோசிக்குது."

ஆளுக்கொரு காலைப் பிடித்து இறக்கினோம். இறங்கியும் அவன் நிமிரவில்லை. நாற்காலி இல்லாமலே உட்கார்ந்திருந்தான். பங்க் ஊழியர் ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து அடியில் வைத்தார். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது.

அம்மாவிடமிருந்து ஃபோன். "எங்கடி இருக்கீங்க? முன்வரிசையில துண்டு போட்டு இடம் புடிச்சு வச்சிருக்கேன். உங்கப்பா வாசலையே பாத்துட்டு இருக்கார். எழுதின பேப்பர் வேர்வையில நனைஞ்சே போச்சு."

அக்கா ஃபோனை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "சாவி."

அண்ணன் சாவியைப் பார்த்தான். வரலாற்றோடு கலந்து ஆலோசித்தான் போல.

"கேட்டுக்கு முன்னாடி மாத்திக்கணும்," என்றான் கடைசியில். "அப்பா பாக்கக் கூடாது."

"மாத்திக்கலாம், ஏறு."

அக்கா பைக்கில் உட்கார்ந்தாள். பாதம் தரையில் பதிந்தது, முட்டி சரியாக மடங்கியது, ஹேண்டில் கைக்கு வந்தது. ஷோரூம்காரர் கேட்ட ஒற்றைக் கேள்வி அவள் உயரத்துக்காரர்களுக்காகவே உண்டானது. அந்தக் கேள்வியில் தேறிய பைக்கும் அவளுக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தது. அண்ணன் அதைப் பார்த்தான்.

பின்சீட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முட்டி சம்மதிக்கவில்லை. ஒருபக்கமாக உட்கார்ந்து, கால் இரண்டையும் சாலைக்கு வெளியே நீட்டிக்கொண்டான். பின்னால் வந்த எனக்கு, பைக் ஓயாமல் இடதுபக்கம் திரும்பப்போவதாகச் சொல்லிக்கொண்டே போவதுபோல் இருந்தது.

அக்கா பறந்தாள். குறுக்கே வந்த காரைப் பார்த்து, "கண்ணாடி என்ன தலை சீவறதுக்கா வச்சிருக்கே?" என்று வகுப்பெடுத்தாள்.

"நல்லா கேளுக்கா," என்றான் அண்ணன் பின்னாலிருந்து. குரலில் ஒரு நிம்மதி இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

மின் நிலையத்தின் நீண்ட மதில் தெரிந்தது. கேட்டுக்கு முந்தின வளைவில் அக்கா சொன்னபடியே நிறுத்தினாள். "வா. ஓட்டிட்டுப் போ."

அண்ணன் இறங்கினான். வலது முட்டியை மடக்கிப் பார்த்தான். அது பாதியில் நின்றது. மறுபடி பார்த்தான். அப்போது மதிலுக்கு உள்ளேயிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. "ஹலோ... கேக்குதுங்களா?" அப்பாவின் குரல், அதையடுத்து ஒரு கனைப்பு.

அண்ணன் கேட்டைப் பார்த்தான். பைக்கைப் பார்த்தான். பிறகு ஹேண்டிலில் தொங்கிய அக்காவின் கைப்பையை எடுத்துக்கொண்டு, பின்னால் போய் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏன்டா? அப்பா பாப்பாரு."

"போக்கா," என்றான் தணிந்த குரலில். "தொண்டையக் கனைச்சுட்டாரு."

காவலாளி பாதி திறந்திருந்த கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார். அந்தக் கால்கள் உள்ளே நுழைய அவ்வளவு இடம் வேண்டியிருந்தது.