முதல் வட்டல்

ஆமாம், சாப்பிட்டாயிற்று, கம்மஞ்சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்து, அவித்த முட்டையும் கீரையும் தொட்டுக்கொண்டு வட்டலை வழித்தாயிற்று, மாத்திரையும் சோற்றோடு உள்ளே போயிற்று, இனி எவன் வந்து கேட்டாலும் சௌந்திரத்துக்குப் பயமில்லை... பண்ணைக் கதவைத் தள்ளும்போதே கோழி நெடி மூக்கில் ஏறியது, அந்தப் பக்கம் தீவனக் கூடம், அவள் கூடம், கல்யாணமாகி மல்லசமுத்திரம் வந்த நாளிலிருந்து மக்காச்சோளமும் புண்ணாக்கும் மிக்சர் மெஷினில் கொட்டிக் கலக்கிய இடம், புரட்டாசியில் பறிபோனது, அதிலிருந்து முட்டைத் தட்டு கழுவும் தொட்டியடியில் குந்தி விரலிடுக்கெல்லாம் வெந்துபோயிற்று. இன்றைக்கு ஒருநாள் பார்க்கலாம் என்று மேனேஜர் சுவாமிநாதன் இறங்கி வந்திருக்கிறார். ஒரு நாள் மிக்சர்ல நின்னு காட்டுங்க சௌந்திரக்கா, தலை கிறுகிறுன்னுச்சுன்னா ஒதுங்கிப்போடோணும், அப்புறம் கடைசி வரைக்கும் தட்டுதான், என்ற தலையில பழி வரக்கூடாதுங்க... அந்த ஆளைச் சொல்லிக் குற்றமில்லை, அன்றைக்கு அவள் விழுந்த விழுகை அப்படி.

என்ன காரியம் செய்தாள் அன்று? புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாளுக்கு ஒருசந்தி, பொழுது சாய்ந்து தளிகை போட்டுக் கும்பிடும்வரை சோறு கிடையாது, ஆனால் மருந்து சோறில்லையே, மருந்து விரதத்தை முறிக்காதே என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை, அதற்குமேல் நாத்தனார் சரிதா டப்பாவில் கொண்டுவந்து கொடுத்த சிறுகுறிஞ்சான் பொடி ஒரு கரண்டி, அதற்குமேல் வெந்தயம் ஊறிய தண்ணீர், போதாததற்குப் பாகற்காய்ச் சாறு. வெறும் தழைதானுங்க அண்ணி, அது என்ன பண்ணிப்போடும் என்றாள் சரிதா. என்ன பண்ணும்? எல்லாம் ஒரே பக்கம் இழுக்கிற மாடுகள், வண்டியில் பாரமே இல்லை, குடை சாயாமல் என்ன செய்யும்... வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கண்ணுக்குள் பளிச்பளிச்சென்று வெளிச்சம், பெருமாள்தான் வருகிறார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாளே, தூ, அதுவும் ஒரு புத்தியா! பக்கத்தில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்த முத்தாயம்மாள் மட்டும் இடுப்புச் சேலையைப் பிடித்து இழுக்காவிட்டால் வலது கை மிக்சருக்குள் போய்க் கோழிக்குத் தீவனமாகியிருக்கும்.

குளுக்கோஸ் ஏற்றிய டாக்டரம்மா திட்டவில்லை, வேற என்னென்னம்மா சாப்பிடறீங்க என்றுதான் கேட்டார், அதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை, பொடியைச் சொல்ல நாக்கு கூசியது, சொல்லிவிட்டாள். மாத்திரையும் பொடியும் ஒரே வேலையைச் செய்யுது, ரெண்டும் சேர்ந்தா சர்க்கரை அடியோட விழுந்துரும், பொடிய நிறுத்துங்க, சாப்பிடாம மாத்திரையத் தொடாதீங்க, பாகக்காயக் கொழம்பு வெச்சுச் சோத்தோட தின்னுங்க, இனிமே தழையோ வேரோ எதைச் சேத்தாலும் என்கிட்டச் சொல்லிட்டுச் சேருங்க... சொன்னபடி செய்தாள். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தபோது சரிதா மூஞ்சியைத் தூக்கினாள், என்ற பொடி மேலயா பழி? பழியில்லீங் கண்ணு, அது நல்ல பொடியாவே இருக்கட்டும், என்ற மாத்திரைக்கும் அதுக்கும் ஆகாது. புருஷன் சுப்பையனுக்குத்தான் தாங்கவில்லை, எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சமிருந்தால் தின்கிறவள் விடிந்ததும் முதல் வட்டலை எடுத்தால்? ஏனுங்க மகாராணி, பந்தி ஆரம்பிச்சாச்சுங்களா என்றான். ஆமாங்க, எடம் கெடக்குது, நீங்களும் உக்காருங்க என்றாள். உட்கார்ந்தான்.

மிக்சர் ஓடியது. சோளம், புண்ணாக்கு, முட்டை ஓட்டுக்குக் கிளிஞ்சல், மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டக் கொட்ட உடம்பு சூடேறியது, வேர்வை வந்தது, இது வேலை வேர்வை, அந்தப் பிசுபிசுத்த சில்லென்ற வேர்வை இல்லை, கையைப் பார்த்தாள், ஆடவில்லை, இன்னொரு மூட்டை, ஆடவில்லை... முற்பகலில் சுவாமிநாதன் வந்து வாசலில் நின்றார், போனார், மறுபடி வந்தார். ஏனுங்க மேனேஜரே, நாங்க விழுகறதப் பாக்கத்தான் அலையறீங்களா, நேரமாகுங்க, ஒரு நாற்காலி போட்டுக்கோங்க என்று முத்தாயம்மாள் இரைச்சலுக்குமேல் கத்தினாள், கூடமே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். நாளைக்கும் இங்கயே வந்துருங்க சௌந்திரக்கா. அவ்வளவுதான் பேச்சு. சௌந்திரம் முந்தானையை உதறி இடுப்பில் இறுகச் செருகினாள், மாரியம்மன் தேர் வடத்தை முதல் ஆளாகப் பிடித்தவள் மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்தாள், ஆமாம், ஜெயித்தேதான் விட்டாள்.

மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்து, யாருக்கும் காத்திராமல் முதல் வாயை எடுக்கும்போதுதான் அது தட்டியது. புதிதாக வருகிறவர்களிடம் அவளே தொண்டை வறளச் சொல்வது, தீவனத்துல ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தோணும், ரெண்ட மாத்துனா முட்டை கூடுனது எதனாலன்னு எப்படித் தெரியும்... அவளோ இரண்டை மாற்றியிருக்கிறாள், பொடியை நிறுத்தினாள், முதல் வட்டலையும் எடுத்தாள். பொடி சேர்ந்துதான் அன்றைக்குத் தள்ளியது, சரி, ஆனால் பொடி வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலும், ஏன், மாத்திரையே வருவதற்கு முன்னாலும் முற்பகலில் இந்த நடுக்கம் வருமே, கைக்கு வந்ததை எறிவாளே, உங்கம்மாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு என்று பிள்ளைகளிடம் சுப்பையன் சொல்வானே, அவளும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டாளே... அப்படியானால் அத்தனை வருஷமும் அது என்ன, வெறும் பசியா? வாயில் வைத்ததை மென்றாள். மெதுவாக மென்றாள்.