கெர்லின் விற்ற பச்சைப் பொடி

ப்ரோவோ நகரில் எங்கள் தெருவுக்கே தெரியும், எதிர்வீட்டு கெர்லினைக் கண்டால் ஜனீலுக்கு வயிறு எரியும் என்று. ஆறு பிள்ளை பெற்ற கெர்லின் விடியற்காலையில் ஓடப் போவாள். வந்து ரொட்டி சுடுவாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பியானோ வாசிப்பாள். இரண்டே பிள்ளை பெற்ற ஜனீலுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

சபைப் பெண்கள் சங்கத்துக்கு பிஷப் புதுத் தலைவியை அறிவிக்கவேண்டிய மாதம் அது. அந்தப் பதவிக்கு யாரும் ஆசைப்படக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஜனீல் ஆசைப்பட்டாள், வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கெர்லினின் சுறுசுறுப்புக்கு அவள் விற்கும் பச்சைப் பொடிதான் காரணம் என்று பேச்சு. எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள். ஜனீல் மட்டும் டப்பாவைத் திருப்பிப் படித்தாள். ‘தனிச்சிறப்புக் கலவை, 1200 மில்லிகிராம்.’ கீழே எறும்பு எழுத்தில் ஏழெட்டு லத்தீன் பெயர்கள். எது எவ்வளவு என்று இல்லை. பெயர்களைக் கைப்பேசியில் தேடினாள். முதல் பெயரே தேயிலை.

எங்கள் சபையில் காப்பியும் தேநீரும் தொடக் கூடாது. ஜனீலுக்கு அன்று சாப்பாடு தனி ருசியாக இருந்தது.

சங்கக் கூட்டத்தில் டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

“கெர்லின் சிஸ்டர், இத்தனை நாளா எங்களுக்கு டீ போட்டுக் குடுத்திருக்கீங்க.”

கெர்லின் வெளிறிப்போனாள். “மூலிகைன்னுதானே கம்பெனியில சொன்னாங்க.”

“துளியூண்டு இருக்கும், விடுங்க,” என்றாள் மூன்று மாதமாகக் குடிக்கும் டெலோரா. “அளவுதான் போடலையே.”

“எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும், டெலோரா சிஸ்டர். அது சட்டம்.”

டெலோரா தன் பச்சைப் பாட்டிலைக் கைப்பைக்குள் தள்ளினாள்.

ஞாயிறன்று கெர்லின் மேடையேறினாள். “என்னன்னு படிக்காமலே வித்தேன், என் தப்பு,” என்று அழுதாள். குடித்தவர்கள் எல்லோருக்கும் தங்களுக்காகவும் அவளே மன்னிப்புக் கேட்டதுபோல இருந்தது. சபையே மூக்கைச் சிந்தியது. அடுத்த ஞாயிறு பிஷப் தலைவியை அறிவித்தார்: கெர்லின்.

பிறகு ஜனீலைத் தனியே அழைத்தார். “நுணுக்கமாப் படிக்கிற ஆள் சங்கத்துக்கு வேணும், சிஸ்டர். கெர்லினுக்குச் செயலாளரா இருங்க.”

சபைப் பொறுப்புக்கு அழைப்பு வந்தால் மறுக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை. “சந்தோஷம், பிஷப்,” என்றாள் ஜனீல்.

வெளியே கெர்லின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். பொடியை நிறுத்திப் பதினொரு நாளாகிறது. முகத்தில் சோர்வு மருந்துக்கும் இல்லை. பதவி கைநழுவிப் போனதைக்கூட ஜனீல் பொறுத்துக்கொண்டிருப்பாள்.