பக்கத்து வயலின் கணக்கு

எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். விளைச்சல் எவ்வளவு என்று மட்டும் கேட்கக் கூடாது. செடி ஒடிகிற அளவுக்குக் காய்த்திருந்தாலும், "என்னத்த காய்ச்சுது, ஏதோ இருக்கு" என்பார்கள். கண் பட்டுவிடும் என்று பாதிப் பயம், கைமாற்று கேட்டு வந்துவிடுவார்கள் என்று மீதிப் பயம். என் வீட்டுக்காரர் இதில் ஒருபடி மேலே. என்னிடமே குறைத்துத்தான் சொல்லுவார்.

இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டுதான் நான் இந்தச் செயலி விவகாரத்தில் இறங்கினேன். எங்கள் வயல்கள் ஒவ்வொன்றும் கைக்குட்டை அகலம். தனியாக யாராலும் ஒரு லாரியை நிரப்ப முடியாது. அதனால் நகரத்துக் கடைகளுக்குக் காய் எடுக்கும் கம்பெனி எங்களை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. போனில் இந்தச் செயலி வந்ததும் ஒரு வழி பிறந்தது. அவரவர் நட்ட நாளையும், எத்தனை பெட்டி தக்காளி தேறும் என்பதையும் பதிந்தால் போதும். வெயில் மழையையும் பார்த்து, யார் வயல் எப்போது பழுக்கும், மொத்தம் எவ்வளவு வரும் என்று அது கூட்டிச் சொல்லிவிடும். அதற்கேற்ற வண்டியைக் கம்பெனி அனுப்பும். குழுவுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள், எனக்கு வாய் ஜாஸ்தி என்பதால்.

முதல் அறுவடையிலேயே மூக்குடைபட்டேன். எல்லோரும் பழக்கதோஷத்தில் பாதியைத்தான் பதிந்திருந்தார்கள். கம்பெனி ஒரு குட்டி வேனை அனுப்பியது. அது நிரம்பிப் போன பிறகும் ரோட்டோரம் தக்காளி குவிந்து கிடந்தது. வெயிலில் வெந்து, ஈ மொய்த்து, நாறிப்போனது. கம்பெனி மேலாளர் போனில், "இன்னொரு தடவை கணக்கு தப்புச்சுன்னா எங்கள விட்டுடுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"செங்கல் சூளைக்காரர் நிலத்தக் கேட்டுக்கிட்டே இருக்காரு. அடுத்த லோடும் ஊத்திக்கிச்சுன்னா குடுத்துடலாம். நான் எங்கயாவது டிரைவர் வேலைக்குப் போறேன்."

"சூளைக்குக் குடுத்தா மண்ண வெட்டி எடுத்துடுவாங்க. அப்புறம் புல்லுகூட முளைக்காதுங்க."

"தெரியும்."

அவர் அதை அலட்டிக்கொள்ளாமல் சொன்ன விதம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. நிலத்தை விடுவதில்லை, ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். தன் வயலைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். பக்கத்து வயலைப் பற்றிக் கேட்டால், எப்போது உரம் வைத்தார்கள், எத்தனை பிஞ்சு உதிர்ந்தது என்பதுவரை புட்டுப் புட்டு வைப்பார்கள். மறுநாள் குழுவைக் கூட்டினேன்.

"இனிமே யாரும் உங்க வயலப் பத்திப் பதிய வேணாம். பக்கத்து வயலப் பத்திப் பதியுங்க."

எல்லோரும் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு முகமாக மலர்ந்தது. பம்பு ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக்குக்கும் எங்கள் பக்கம் ஒரு வயல் உண்டு. "இத முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா! பக்கத்து வயல்ல எத்தன காய்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேனே" என்றார் அவர்.

எல்லோருக்கும் கொண்டாட்டம். எனக்குத்தான் சிக்கல். என் வயலுக்கு ஒரு பக்கம் ரோடு. மறுபக்கம் என் ஓரகத்தியின், அதாவது வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவியின் வயல். பாகம் பிரித்தபோது வரப்பு எங்கே வரும் என்று கிளம்பிய சண்டையில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

"அண்ணி கையில குடுத்துட்டியா நம்ம கணக்க? உருப்பட்ட மாதிரிதான்" என்றார் வீட்டுக்காரர்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தாங்க" என்றேன் வீறாப்பாக.

அவள் வயலை நான் பதிய வேண்டும். அவள் வயலின் மறுகோடியில் நின்று பார்த்து, வயிற்றெரிச்சலோடுதான், ஆனால் ஒரு பெட்டிகூடக் குறைக்காமல் பதிந்தேன். அவளும் எங்கள் வயலுக்குச் சரியாகவே பதிந்திருந்தாள். லாரி வர ஒரு வாரம் இருக்கும்போது, எங்கள் வயலின் பெட்டிக் கணக்கைத் திடீரென்று இறக்கிவிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பொறுப்பாளர் என்பதால் எந்த எண்ணையும் மாற்றும் வசதி என் போனில் உண்டு. விரலைக்கூடக் கொண்டுபோய்விட்டேன். ஆனால் நானே என் கணக்கில் கைவைத்தால், நாளைக்கு மெக்கானிக்கும் தன் எண்ணை மாற்றச் சொல்லி வந்து நின்றால் என்ன சொல்வேன்? மாற்றவில்லை. வரிசை வரிசையாகப் படம் எடுத்து, அவள் மூஞ்சியில் காட்டிக் கேட்டுவிடலாம் என்று மறுநாள் விடிந்ததும் வயலுக்குக் கிளம்பினேன்.

ரோட்டுப் பக்கம் செடிகள் தளதளவென்று நின்றன. படம் எடுத்துக்கொண்டே வரப்புப் பக்கம் போனேன். சண்டைக்குப் பிறகு நானும் வீட்டுக்காரரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சொட்டுநீர்க் குழாய் அது பாட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. அங்கே மூன்று வரிசைகளில் இலையெல்லாம் கருகி, காயில் பழுப்புத் திட்டு விழுந்திருந்தது. இலைக்கருகல். விட்டால் மொத்த வயலையும் தின்றுவிடும் நோய்.

போனை மடியில் செருகிவிட்டு, வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். இருவரும் சேர்ந்து அந்த மூன்று வரிசைகளையும் பிடுங்கி அப்புறப்படுத்தி, மிச்சத்துக்கு மருந்தடித்தோம். வீடு திரும்பும்போது, "அண்ணி சரியாத்தான் எண்ணக் கொறச்சிருக்காங்க" என்றார் அவர்.

லாரி வந்த அன்று பெட்டிகள் ஏறிக்கொண்டே இருந்தன. கடைசிப் பெட்டி ஏறியதும் டிரைவர் கதவைச் சாத்தினார். உள்ளே இடமும் மிஞ்சவில்லை, ரோட்டில் ஒரு பழமும் மிஞ்சவில்லை. மேலாளர் போன் செய்தார்.

"அடுத்த லோடு எப்பம்மா?"

வீட்டுக்காரர் போனை வாங்கி, சூளைக்காரரைக் கூப்பிட்டு, நிலம் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் நேராக வரப்புக்குப் போனேன். ஓரகத்தி காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, நோய் விழுந்திருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் நிமிரவில்லை.

"நேர்ல சொல்ல வாய் வரல. அதான் எண்ணக் கொறச்சேன். பாத்துட்டு நீ சண்டைக்காவது வருவியேன்னு அன்னைக்கு முழுக்க இங்கயேதான் நின்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே வரப்பைத் தாண்டிப் போய், அவளோடு சேர்ந்து பெட்டிகளை அடுக்கினேன்.